கட்டமைப்பும் நினைவகமும்: சி மொழியின் பதிவமைப்பு வரலாறும் முள்ளிவாய்க்காற் பெயர்ப்பதிவுகளும்

1

நினைவகம் என்னும் சொல் இன்று தமிழில் இரு பொருள்களில் வழங்குகின்றது. மறைந்தோரின் பொருட்டு எழுப்பப்படும் இடம் ஒன்று. கணினியிலே தரவுகள் தங்கும் பகுதி மற்றொன்று. இவ்விரு பொருள்களையும் ஒருங்கே வைத்துச் சிந்திக்கவேண்டிய கட்டாயம் வன்னி மக்களின் அண்மைக்கால வரலாற்றை ஆராய்வோர்க்கு ஏற்பட்டுள்ளது. 2009 மே மாதத்தில் முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரத்தில், இந்தியப் பெருங்கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில், முள்ளிவாய்க்கால் என்னும் ஊரை மையமாகக் கொண்டு நடந்து முடிந்த பேரழிவில் இறந்தோர் எத்தனை பேர், அவர்கள் யாவர் என்னும் வினாக்களுக்கு யாவரும் ஒப்பும் விடை இன்றுவரை கிடைக்கவில்லை. விடை தேடுவோர் அனைவரும் இறுதியில் வந்துசேரும் இடம் பெயர்ப்பட்டியல்களும் அவற்றைத் தாங்கும் கணினிப் பதிவுகளுமேயாகும்.

பதிவு என்பது வெறும் கொள்கலமன்று. எதனைக் கொள்ளலாம், எவ்வளவு கொள்ளலாம், எதனைக் கொள்ளவியலாது என்பவற்றை அதன் வடிவமே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகின்றது. கணினித் துறையில் இவ்வுண்மையை மிகத் தெளிவாகக் காட்டுவது சி மொழியிலுள்ள ‘கட்டமைப்பு’ என்னும் தரவு வடிவமாகும். அக்கட்டமைப்புத் தோன்றிய வரலாற்றுச் சூழலையும், அது நினைவகத்தில் இடம்பெறும் முறையையும் எடுத்துக்கூறி, தமிழ்ப் பெயர்களும் வன்னியின் தொகைகளும் அத்தகைய பதிவுகளுக்குள் புகும்போது நேர்வன யாவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒன்றை முதலிலேயே கூறிவிடுதல் தகும். முள்ளிவாய்க்காலில் மக்கள் இறந்தமைக்குப் பதிவுமுறை காரணமன்று. இறந்தோர் தொகை மறைக்கப்பட்டமைக்கும் அது மூலகாரணமன்று. அவற்றின் காரணங்கள் அரசியலைச் சார்ந்தவை. ஆயின் மறுப்பவருக்குத் துணைநிற்கும் ஓட்டைகள் பதிவுமுறையிலே உள்ளன. அவற்றை அறிந்து அடைத்தல் ஆவணப்படுத்துவோரின் கடமையாகும்.

2

ஆட்களைப் பற்றிய செய்திகளை ஒரே ஒழுங்கில், ஒரே அளவான கட்டங்களில் எழுதிவைக்கும் வழக்கம் கணினிக்கு நெடுங்காலம் முற்பட்டது. இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்துத் தோம்புகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். ஆட்களைப் பதிந்த தலைத்தோம்பும் நிலங்களைப் பதிந்த காணித்தோம்பும் இறைக்காகவும் ஊழியத்துக்காகவும் குடிகளை அறிந்துவைத்திருக்கவேண்டிய அரசின் தேவையிலிருந்து பிறந்தவை. பிரித்தானியர் 1871 இல் முதலாவது முழுமையான குடிசன மதிப்பை நடத்தினர். வன்னியைப் பொறுத்தவரை, ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் ஊர்களையும் குளங்களையும் மக்களையும் ஆட்சியாளரின் நோக்கில் வரிசைப்படுத்திக் காட்டியது. இவை யாவற்றுக்கும் பொதுவானதொரு பண்பு உண்டு. எந்தச் செய்திக்குக் கட்டம் கீறப்பட்டதோ அச்செய்தி மாத்திரமே ஆவணத்தில் நிலைத்தது. எதற்குக் கட்டம் கீறப்படும் என்பதை நிருவாகத்தின் தேவையே தீர்மானித்தது.

கட்டம் கீறுதல் பொறியின் வேலையாக மாறியமை 1890 ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிசன மதிப்போடு தொடங்கிற்று. எர்மன் ஒலரித் அமைத்த துளையட்டைப் பொறிகள் ஏறத்தாழ 6 கோடி 26 இலட்சம் மக்களின் விபரங்களைக் கணக்கிட உதவின. ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. ஒவ்வொரு செய்திக்கும் அட்டையில் ஓர் இடம். 1928 இல் ஐ.பி.எம். நிறுவனம் 80 நிரல்களைக் கொண்ட அட்டையை அறிமுகஞ்செய்தபோது, ஓர் ஆளைப் பற்றி ஓர் அட்டை கூறக்கூடியவை அவ்வெண்பது நிரல்களுக்குள் அடங்கவேண்டியனவாயின. 1960 அளவில் உருவான கோபோல் மொழியின் ‘பதிவு’ என்னும் வடிவம் இவ்வட்டை மரபின் வழித்தோன்றலாகும். வணிகமும் அரசும் தமக்கு வேண்டிய வடிவத்தைக் கணினி மொழிக்குள்ளும் கொண்டுவந்து சேர்த்தன எனலாம்.

3

சி மொழியின் கட்டமைப்பு வேறொரு தேவையிலிருந்து எழுந்தது. அமெரிக்காவின் நியூ ஜேர்சியிலுள்ள பெல் ஆய்வுகூடத்தில் 1969 இல் கென் தொம்சன் யுனிக்ஸ் என்னும் இயக்கமுறைமையைத் தொடங்கினார். அவர் ஆக்கிய பி மொழியில் தரவுகளுக்கு வகை வேறுபாடு இல்லை. நினைவகம் முழுவதும் ஒரேயளவான சொற்கூடுகளின் நீண்ட வரிசையாகவே கருதப்பட்டது. 1970 இல் அங்கு வந்துசேர்ந்த பி.டி.பி.-11 என்னும் கணினியோ ஒவ்வொரு பைற்றுக்கும் தனித்தனி முகவரி கொடுத்தது. இரண்டு பைற்று கொண்ட எண்ணும் ஒரு பைற்று கொண்ட எழுத்தும் அதிலே அருகருகே வாழவேண்டியிருந்தன. பி மொழி இதற்குப் போதாதாயிற்று. டெனிஸ் றிச்சி அம்மொழிக்குள் வகைகளைப் புகுத்தி, 1972 ஐ அடுத்த காலத்தில் சி மொழியை உருவாக்கினார்.

இவ்வரலாற்றைப் பின்னர் 1993 இல் எழுதிய றிச்சி தரும் செய்தியொன்று கருத்திற் கொள்ளத்தக்கது. யுனிக்ஸின் கருவைச் சி மொழியில் எழுத 1972 இல் தொம்சன் முயன்று கைவிட்டார். அப்போது மொழியில் கட்டமைப்பு என்னும் வடிவம் இருக்கவில்லை. 1973 தொடக்கத்தில் அவ்வடிவம் சேர்ந்த பின்னரே, அவ்வாண்டுக் கோடையில் யுனிக்ஸ் கரு சி மொழியில் மீள எழுதப்பட்டது. வெவ்வேறு வகைப்பட்ட செய்திகளை ஓரலகாகக் கட்டிவைக்கும் வசதி இன்றி ஓர் இயக்கமுறைமையை அம்மொழியில் எழுதுதல் கைகூடவில்லை என்பதே இதன் கருத்தாகும்.

றிச்சி காட்டும் எடுத்துக்காட்டும் இங்கு நோக்கற்பாலது. அது யுனிக்ஸின் கோப்பகப் பதிவு. அதில் உறுப்புகள் இரண்டே: ஓர் எண், ஒரு பெயர். எண்ணுக்கு 2 பைற்று. பெயருக்கு 14 பைற்று. மொத்தம் 16 பைற்று. எண் கோப்பைச் சுட்டும். பெயர் மனிதர் வாசிப்பதற்கானது. கோப்பு ஒன்று நீக்கப்படும்போது எண் பூச்சியமாக்கப்படும். வேறொரு பதிவு அவ்விடத்தை எடுத்துக்கொள்ளும்வரை பெயர் அங்கேயே கிடக்கும். பெயர் எத்துணை நீளமாயினும் பதினான்கு பைற்றுக்கு மேற்பட்ட பகுதி பதிவில் இடம்பெறாது. பதினான்கு என்னும் அளவு ஆங்கிலச் சிற்றெழுத்துக்களில் சுருக்கமான பெயர்களை இட்டு வழங்கிய ஆய்வுகூடக் குழுவொன்றுக்குப் போதுமானதாயிருந்தது. அதனை வகுத்தோரிடம் குறைகாணுதல் நம் கருத்தன்று. ஒரு சிறு குழுவின் வசதிக்கேற்ப இடப்பட்ட அளவொன்று உலகெங்கும் பரவியது என்பதே வரலாற்று நோக்கில் முக்கியமானது.

4

கட்டமைப்பு நினைவகத்தில் அமையும் முறையைச் சிறிது விரிவாக நோக்குவோம். சி மொழியின் தரவிதி இதில் மூன்று நியதிகளை வகுக்கின்றது. முதலாவது, உறுப்புகள் அறிவிக்கப்பட்ட வரிசையிலேயே ஏறுமுக முகவரிகளில் இடம்பெறும். மொழிமாற்றி அவ்வரிசையை மாற்றலாகாது. இரண்டாவது, முதலுறுப்பின் முகவரியே கட்டமைப்பு முழுவதன் முகவரியாகும். அதற்கு முன்னர் வெற்றிடம் இராது. மூன்றாவது, உறுப்புகளுக்கு இடையிலும் இறுதியிலும் பெயரற்ற வெற்றிடங்கள் இருக்கலாம்.

மூன்றாவது நியதிக்கான காரணம் பொறியின் இயல்பிலே உள்ளது. பி.டி.பி.-11 இரண்டு பைற்று எண்ணை இரட்டை முகவரியிலிருந்து மாத்திரமே எடுக்கும். ஒற்றை முகவரியிலிருந்து எடுக்க முயன்றால் நிகழ்ச்சித்திட்டம் தடைப்பட்டு நிற்கும். பிற்காலக் கணினிகளில் நான்கு பைற்று எண் நான்கால் வகுபடும் முகவரியில் இருத்தல் பொதுவாக வேண்டப்படுகின்றது. இதனை நேர்ப்படுத்தல் என்பர். நேர்ப்படுத்தும் பொருட்டு இடையில் விடப்படும் பைற்றுகளே மேற்கூறிய வெற்றிடங்கள்.

ஓர் ஆளைப் பற்றிய பதிவொன்றை எண்ணிக்கொள்வோம். பாலுக்கு 1 பைற்று, தொடரெண்ணுக்கு 4 பைற்று, வயதுக்கு 1 பைற்று என்று இவ்வரிசையிலே அறிவித்தால், பால் 0 ஆம் இடத்தில் அமையும். 1, 2, 3 ஆம் இடங்கள் வெற்றாக விடப்படும். தொடரெண் 4 முதல் 7 வரையும், வயது 8 ஆம் இடத்திலும் அமையும். அடுத்த பதிவின் தொடரெண்ணும் நேர்ப்படும்பொருட்டு இறுதியில் மேலும் 3 பைற்று வெற்றாகும். 6 பைற்றுச் செய்திக்கு 12 பைற்று இடம் செலவாகின்றது. தொடரெண், பால், வயது என்று வரிசையை மாற்றியமைத்தால் 8 பைற்று போதும். செய்தியில் மாற்றமில்லை; வரிசை மாத்திரமே மாறியது.

வெற்றிடம் பற்றி இன்னொன்றும் அறியவேண்டும். அது பூச்சியமன்று. அதில் என்ன இருக்கும் என்பதை மொழி வரையறுப்பதில்லை. முன்னர் அவ்விடத்தில் கிடந்த எச்சம் அப்படியே இருத்தலுங்கூடும். ஆதலால் ஒரே ஆளைக் குறிக்கும் இரு பதிவுகளைப் பைற்றுக்குப் பைற்று ஒப்பிட்டால், உறுப்புகள் யாவும் ஒத்திருந்தும் பதிவுகள் வேறென்று விடைவரலாம். இடத்தின் இன்மையும் மதிப்பின் இன்மையும் பூச்சியம் என்னும் மதிப்பும் வெவ்வேறானவை. இவ்வேறுபாடு பின்வரும் பகுதிகளில் நமக்குத் தேவைப்படும்.

பைற்று வரிசையும் கருதற்பாலது. ஒரே எண்ணைச் சில கணினிகள் தாழ்ந்த பைற்று முன்னாகவும் சில உயர்ந்த பைற்று முன்னாகவும் எழுதும். ஒரு பொறி 2 பைற்றில் எழுதிய 1 என்னும் எண்ணை எதிர்முறைப் பொறி 256 என்று வாசிக்கும். பதிவு அழியவில்லை, ஆயின் அதன் அமைப்பு எதுவெனக் கூறும் குறிப்பு உடன்வராமையால் பொருள் திரிந்துவிடுகின்றது. தரவைப் பேணுதல் வேறு, தரவின் அமைப்பைப் பேணுதல் வேறு. பின்னது இன்றி முன்னது பயன்படாது.

5

இனித் தமிழ்ப் பெயர்கள் இப்பதிவுகளுக்குள் புகும் முறையைப் பார்ப்போம். 1991 இல் வெளிவந்த யுனிகோட் முதற்பதிப்பில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதி ஒன்று வகுக்கப்பட்டது. இந்தியாவில் 1988 இல் அமைந்த இஸ்கி என்னும் குறியீட்டுமுறையை அது பின்பற்றியது. நாகரி முதலான எழுத்துக்களுக்குப் பொதுவாக வகுக்கப்பட்ட அம்முறையில் அகரமேறிய மெய்யே அடிப்படை அலகு. புள்ளியும் உயிர்க்குறிகளும் அதன்மேல் தனித்தனியே சேர்க்கப்படும். தமிழிலக்கண மரபோ புள்ளிபெற்ற மெய்யை அடிப்படையாகக் கொண்டு, அதனோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்று கூறும். மரபில் எளியதாகிய ‘க்’ இங்கு இரு குறியீடுகளையும், கூட்டெழுத்தாகிய ‘க’ ஒரே குறியீட்டையும் பெறுகின்றன. இம்முறைக்கு மாற்றாக, எழுத்தொன்றுக்கு ஓரிடம் தரும் பதினாறு பிற்றுத் தமிழ்க் குறியீட்டுமுறையைத் தமிழ்நாட்டரசு 2010 இல் தனது தரமாக ஏற்றது. எனினும் உலக வழக்கில் யுனிகோடே நிலைபெற்றுவிட்டது.

யுனிகோடை நினைவகத்தில் எழுதுவதற்குப் பெரிதும் வழங்கும் முறை யு.ரி.எவ்.-8 ஆகும். 1992 செப்டெம்பரில் இதனை வகுத்தவர்கள் கென் தொம்சனும் றொப் பைக்கும். யுனிக்ஸைத் தொடங்கிய அதே தொம்சன்தான் இங்கும் வருகின்றார். பழைய ஆங்கில ஆவணங்களும் நிகழ்ச்சித்திட்டங்களும் மாற்றமின்றித் தொடர்ந்து பயன்படவேண்டும் என்பது இம்முறையின் நோக்கங்களுள் ஒன்று. அதற்கிணங்க ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் 1 பைற்றும், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைற்றும் தேவையாயின.

முள்ளிவாய்க்கால் என்னும் பெயரில் எட்டு எழுத்துக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் இரு குறியீடுகளால் ஆனது, எனவே 16 குறியீடுகள், 48 பைற்று. ஆங்கில எழுத்தில் பன்னிரண்டு எழுத்துக்களில் எழுதப்படும் அதே பெயருக்கு 12 பைற்று போதும். றிச்சியின் எடுத்துக்காட்டிற் கண்ட 14 பைற்றுக் கட்டத்தில் ஆங்கில வடிவம் முழுமையாக அமையும். தமிழ் வடிவத்தை அதே கட்டத்தில் இட்டால் முதல் நான்கு குறியீடுகளாகிய ‘முள்’ மாத்திரமே நிற்கும். எஞ்சிய 2 பைற்று அடுத்த எழுத்தின் உடைந்த துண்டாய், வாசிக்கவியலாத குறியாய்க் கிடக்கும். 32 பைற்றுக் கட்டத்திலும் ‘முள்ளிவாய்’ என்பதோடு பெயர் அறுந்துவிடும்.

இதனால் விளைவது எழுத்துப்பிழை மாத்திரமன்று. முள்ளியவளை என்பது முல்லைத்தீவு மாவட்டத்திலுள்ள பிறிதோர் ஊர். அதன் பெயரும் முள்ளிவாய்க்காலும் முதல் ஆறு குறியீடுகளில் ஒன்றுபடுகின்றன. 14 பைற்றுக் கட்டத்தில் இரண்டும் ‘முள்’ என்றே ஆகிவிடும். 18 பைற்றுக் கட்டத்தில் இரண்டும் ‘முள்ளி’ எனவே நிற்கும். இரண்டு ஊர்களின் மக்கள் ஓரூரவராகத் தோன்றுவர். கட்டத்தைக் குறுக்கியவர் இதை எண்ணிச் செய்திருக்கமாட்டார். எனினும் விளைவு அதுவேயாகும்.

இதிலிருந்து தப்பும்பொருட்டுப் பெயர்களை ஆங்கில எழுத்தில் பதியும் வழக்கம் பரவியது. அதனால் மற்றோர் இடர் தோன்றியது. முள்ளிவாய்க்கால் என்பதன் ககர மெய்யை ஒற்றையாகவும் இரட்டையாகவும், ஆகாரத்தை ஓரெழுத்தாகவும் ஈரெழுத்தாகவும், வகரத்துக்கு இருவேறு எழுத்துக்களைக் கொண்டும் எழுதுவர். ஓர் ஊரின் பெயரே இவ்வாறாயின், தந்தை பெயரை முன்னும் பின்னும் மாற்றியெழுதுகின்ற, முதலெழுத்தால் மாத்திரம் சுட்டுகின்ற ஆட்பெயர்களின் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை. தமிழ் வடிவில் பெயர் அறுகின்றது. ஆங்கில வடிவில் ஒரு பெயர் பலவாகின்றது.

6

இனி வன்னியின் தொகைகளுக்கு வருவோம். இலங்கையில் முழுமையான குடிசன மதிப்பு 1981 இல் நடந்தது. அடுத்தது 2012 இலேயே நிகழ்ந்தது. 2001 இல் நடந்த மதிப்பு வடக்குக் கிழக்கின் பெரும்பகுதியில் நிறைவுபெறவில்லை. ஆகவே போர் உச்சமடைந்த காலத்தில் வன்னி மக்களைப் பற்றிக் கிடைத்த ஒழுங்கான பதிவுகள் கிராம அலுவலர் வழியாகக் கச்சேரிகளுக்குச் சென்ற நிருவாகப் பதிவுகளே. உணவு வழங்கலும் இடப்பெயர்வு நிவாரணமும் அவற்றைச் சார்ந்திருந்தமையால் இத்தொகைகள் அன்றாட வாழ்வோடு பிணைந்திருந்தன.

கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிப் பதிவுகளின்படி 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியில் 429,059 பேர் இருந்தனர். ஐக்கிய நாடுகள் அலுவலகத்தின் கணக்கின்படி 2009 யூலை 10 வரையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தோர் 282,380 பேர். மன்னார் மறைமாவட்ட ஆயர் இராயப்பு யோசப் 2011 சனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் இவ்விரு தொகைகளையும் வைத்து, 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று வினவினார். அவர் அத்தனை பேரும் கொல்லப்பட்டனர் என்று கூறவில்லை. கணக்குக் காட்டுமாறு கேட்டார். இவ்வேறுபாடு பின்னாளிற் பலரால் மறக்கப்பட்டது.

வேறு மதிப்பீடுகளும் உள. ஐக்கிய நாடுகளின் நாட்டுக்குழு 2008 ஓகஸ்ட் முதல் 2009 மே 13 வரை தன்னால் இயன்ற அளவு சரிபார்த்து வைத்திருந்த கணக்கில் 7,721 பேர் கொல்லப்பட்டோராகவும் 18,479 பேர் காயமுற்றோராகவும் காணப்பட்டனர். செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011 ஆம் ஆண்டு அறிக்கை, குடிமக்களின் இறப்பு 40,000 வரை இருந்திருக்கக்கூடும் என நம்பத்தகுந்த பல வட்டாரங்கள் மதிப்பிடுவதைக் குறித்தது. 2012 நவம்பரில் வெளியான ஐ.நா. உள்ளக மீளாய்வு அறிக்கை 70,000 க்கு மேற்பட்டோர் கணக்கிற் காணப்படாமையைச் சுட்டியது.

இத்தொகைகளை அருகருகே வைத்து, ஒன்று மெய்யானால் ஏனையவை பொய் என்று வாதிடுவோர் இரு பக்கங்களிலும் உளர். இவை ஒரே உறுப்பின் வெவ்வேறு மதிப்புகளல்ல. ஒன்று சரிபார்க்கப்பட்ட இறப்பு. அது மிகக் குறைந்த எல்லையைக் காட்டுவது. மற்றொன்று மதிப்பிடப்பட்ட இறப்பு. பிறிதொன்று இரு பட்டியல்களின் வேறுபாடு. வெவ்வேறு அமைப்புக் கொண்ட பதிவுகளை ஒரே அமைப்பென்று வாசித்தால், ஒன்றை 256 என்று வாசித்த பொறியின் நிலையே நமக்கும் ஏற்படும்.

எனினும் இவ்விடத்தில் நடுநிலை என்னும் பெயரால் ஒதுங்கிநிற்றல் முறையன்று. 2009 இன் தொடக்கத்தில், போர்ப்பகுதியில் எஞ்சியிருந்த மக்கள் ஏறத்தாழ 70,000 பேரே என்று அரசு கூறிற்று. அதன் பின்னர் அப்பகுதியிலிருந்து உயிருடன் வெளியேறியவர்களே அத்தொகையைப் பன்மடங்கு விஞ்சினர். உணவும் மருந்தும் தொகையை ஒட்டியே அனுப்பப்படும் நிலையில், தொகையைக் குறைத்தல் வெறும் கணக்குப் பிழையாக அமையாது. அது மக்களின் வயிற்றிலும் காயத்திலும் சென்று பலிக்கும். அரசின் சொந்தக் கச்சேரியின் பதிவே அரசின் கூற்றை மறுத்தது என்பது இவ்வரலாற்றின் மிக முக்கியமான ஆவண உண்மையாகும். கட்டம் கீறியவரின் நோக்கம் எதுவாயினும், கட்டத்துக்குள் நேர்மையாக எழுதப்பட்ட செய்தி அவரையே எதிர்த்துச் சான்று பகரக்கூடும்.

7

சி மொழியின் கட்டமைப்பில் ஓர் உறுப்புக்கு ஒரேயொரு பிற்று அளவிலும் இடம் ஒதுக்கலாம். ஒரு பிற்றில் இரு நிலைகளே அடங்கும்: ஆம், அன்று. உயிருடன் இருப்பவர், இறந்தவர் என்று பதிவதற்கு ஒரு பிற்று போதும் என்று நிகழ்ச்சித்திட்டம் எழுதுபவர் கருதலாம். வன்னியின் அனுபவம் அக்கருத்தை மறுக்கின்றது. கணவனை, மகனைப் படையினரிடம் கையளித்த பெண்ணிடம் அவர் உயிருடன் உள்ளாரா என்று வினவினால், ஆம் என்றும் அன்று என்றும் கூறவியலாத மூன்றாவது நிலையே விடையாகும்.

இலங்கைச் சட்டமும் தொடக்கத்தில் ஒரு பிற்று அமைப்பையே கொண்டிருந்தது எனலாம். 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இறப்புப் பதிவு தற்காலிக ஏற்பாடுகள் சட்டம், காணாமற் போனோரின் உறவினர் இறப்புச் சான்றிதழ் பெற வழிசெய்தது. அதனைப் பெறுதல் தாமே தம் உறவினரை இறந்தவராக எழுதிக்கொடுப்பதாகும் எனக் கருதிய குடும்பங்கள் பல மறுத்துநின்றன. 2016 இல் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் வழியே காணக்கிடையாமைக்கான சான்றிதழ் என்னும் புதிய நிலை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டில் காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் நிறைவேறிற்று. பதிவில் மூன்றாவது நிலைக்கு இடம் திறந்தமையும் குடும்பங்களின் நீண்ட மறுப்பும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதை மறத்தலாகாது.

இடம் திறந்தமையால் விடை கிடைத்துவிடவில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், அடுத்த மாதத்தில் முல்லைத்தீவிலும் தாய்மார் வீதியோரத்தில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்காக நீண்டது. அவர்கள் கையில் ஏந்தியவை ஒளிப்படங்களும் பெயர்களும். அரசிடம் எண்கள் இருந்தன, பெயர்கள் வெளிவரவில்லை. வெற்றிடத்தைப் பூச்சியமாக வாசிக்கும் வழக்கத்துக்கு எதிரான போராட்டமாகவும் இதனை விளங்கிக்கொள்ளலாம்.

8

பெயர்ப்பட்டியல்களிலிருந்து தொகையை அறியும் அறிவியல் முறை ஒன்று உண்டு. பட்றிக் போல், பிரான்சிஸ் ஹரிசன் ஆகியோர் 2018 டிசெம்பரில் வெளியிட்ட ஆய்வு, 2009 மே 17 முதல் 19 வரையான மூன்று நாட்களில் சரணடைந்தபின் காணாமலாக்கப்பட்டோர் ஏறத்தாழ 500 பேர் என்று மதிப்பிட்டது. தனித்தனியே தொகுக்கப்பட்ட பட்டியல்களில் எத்தனை பெயர்கள் பொதுவாக வருகின்றன என்பதைக் கொண்டு, எப்பட்டியலிலும் வராதோரின் தொகையை மதிப்பிடுவதே இம்முறையின் சாரம்.

எளிய கணக்கொன்றால் இதனை விளக்கலாம். முதற்பட்டியலில் 100 பேர். இரண்டாவதில் 80 பேர். இரண்டிலும் உள்ளோர் 40 பேர் எனக் கொள்வோம். இரண்டாம் பட்டியலிற் பாதிப்பேர் முதற்பட்டியலில் அகப்பட்டுள்ளனர். ஆகவே முதற்பட்டியல் மொத்தத் தொகையிற் பாதியைக் கொண்டது எனக் கருதி, மொத்தம் 200 என்று மதிப்பிடலாம். இப்போது எழுத்து வேறுபாட்டால் பொதுப்பெயர்களுள் 10 பொருந்தாமற் போயின என்க. பொதுவானோர் 30 ஆகக் குறைவர். மதிப்பீடு 267 ஆக உயர்ந்துவிடும். மறுதலையாக, பெயர் அறுந்தமையால் வெவ்வேறான 10 பேர் ஒருவரென்று பொருத்தப்பட்டால் பொதுவானோர் 50 ஆவர். மதிப்பீடு 160 ஆகத் தாழும்.

பதிவமைப்பின் குறை எப்பக்கமும் சாயலாம் என்பது இதனால் விளங்கும். நம் பக்கத் தொகையை உயர்த்தும் பிழையும் பிழையே. மறுப்பவர் நாளை ஒரு பட்டியலை எடுத்து, ஒருவர் இருமுறை எழுதப்பட்டமையைச் சுட்டிக்காட்டினால், அவ்வொரு பிழையைக் கொண்டு முழுப்பட்டியலையும் தள்ளிவிட முனைவார். பாதிக்கப்பட்ட மக்களின் பக்கம் நிற்கும் ஆய்வாளனுக்குத் துல்லியம் கூடுதலான கடமையாகும்.

9

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிபுகளைப் பெறலாம். வன்னியில் நிகழ்ந்தவற்றை ஆவணப்படுத்துவோர் பெயரைத் தமிழ் எழுத்திலேயே, நீளவரம்பு இன்றி, முழுமையாகப் பதிதல் வேண்டும். ஆங்கில வடிவம் தமிழ் வடிவத்துக்கு மாற்றாகாமல் தனியுறுப்பாக நிற்றல் வேண்டும். தெரியாது என்னும் நிலைக்குத் தனியிடம் வேண்டும். அது பூச்சியத்தோடும் இறப்போடும் கலக்கலாகாது. ஒவ்வொரு தொகையோடும் அது எதன் தொகை, எந்நாள் வரையிலானது, யார் தொகுத்தது என்பன இணைந்திருத்தல் வேண்டும். பதிவின் அமைப்பை விளக்கும் குறிப்பு பதிவோடு சேர்த்துப் பேணப்படல் வேண்டும். அரை நூற்றாண்டின் பின்னர் வருவோரின் பொறி எதுவென நாம் அறியோம். சாட்சி கூறியவரின் பாதுகாப்பு இவை யாவற்றினும் முதன்மையானது என்பதும் கூறாமலே விளங்கும்.

இவை பெரும் பொருட்செலவை வேண்டும் காரியங்களல்ல. 1970 களில் நினைவகம் அரியதாயிருந்தது. பெயருக்குப் பதினான்கு பைற்று என்று அளந்தமைக்கு அன்று நியாயம் இருந்தது. இன்று 429,059 பேருக்கும் ஆளுக்கு ஆயிரம் பைற்று ஒதுக்கினாலும், மொத்தம் 43 கோடி பைற்றை எட்டாது. கைத்தொலைபேசி ஒன்றிலேயே அது அடங்கும். இடமின்மை இனிமேற் காரணமாகாது. ஒரு பெயர் இன்று அறுக்கப்படுமாயின் அது கவனமின்மையால் அல்லது விருப்பமின்மையால் நிகழ்வதேயாகும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. வவுனியா 2021 முதல் தனிப் பல்கலைக்கழகத்தைக் கொண்டுள்ளது. அங்குக் கணினியியல் பயிலும் மாணவருட் பலர் 2009 இற் குழந்தைகளாய் இருந்தோர். கட்டமைப்பையும் நேர்ப்படுத்தலையும் தேர்வுக்குரிய பாடமாகக் கற்கும் அவர்கள், தம் பாட்டன் பாட்டியரின் ஊர்ப்பெயர் எத்தனை பைற்று என்பதையும் ஒருமுறை எண்ணிப்பார்த்தல் நன்று. நாற்பத்தெட்டு. அவ்வளவு இடத்தையும் ஒதுக்கிவைத்தல் அவர்களால் இயலும்.